கொழும்பில் ஐ.பி.எஸ்.: சந்தேகம் எழுந்த நாளிலிருந்து எதை எந்த ஒழுங்கில் செய்வது

சாப்பிட்டு எழுந்தவுடன் வயிறு பொருமுவதும், ஒரு வாரம் மலச்சிக்கலும் அடுத்த வாரம் வயிற்றோட்டமுமாக மாறிமாறி வருவதும், கழிவறைக்குப் போய்வந்தால் நோவு தணிவதும் மாதக்கணக்கில் தொடர்ந்தும் ஸ்கான் அறிக்கையில் எதுவும் இல்லை என்று சொல்லப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐ.பி.எஸ். (Irritable Bowel Syndrome, எரிச்சலுறு குடல் நோய்க்குறி) என்ற இந்த நோயோடு கொழும்பில் அலைந்தவர்களுக்குத் தெரியும், பணமும் காலமும் வீணாவது நோயின் கடுமையால் என்பதைவிட ஒழுங்கு தவறுவதால்தான். கடைசியாகச் செய்யவேண்டிய பரிசோதனையை முதலில் செய்துகொண்டும், முதலில் செய்யவேண்டிய உணவு மாற்றத்தைக் கடைசிவரை தொடாமலும் இருப்பவர்கள் நம்மிடையே ஏராளம். ஆகவே கீழுள்ளவற்றை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. உங்கள் தொல்லை இந்த வரையறைக்குள் வருகிறதா என்று பாருங்கள்

ஐ.பி.எஸ். என்பதில் குடலின் சுவரில் புண்ணோ அழற்சியோ கட்டியோ காணப்படுவதில்லை. குடலின் அசைவும், குடலுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்புத் தொடர்பும் பிசகியிருப்பதால், மற்றவர்கள் உணராத வாயுவும் அசைவும் உங்களுக்கு நோவாகத் தெரிகின்றன. நோவு உண்மையானது, அதை ஸ்கானில் காணமுடியாது என்பது மட்டுமே வேறுபாடு.

வைத்தியர்கள் பயன்படுத்தும் வரையறை 2016இல் வெளிவந்த ரோம் நான்கு என்ற விதித்தொகுப்பு. கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுநோவு இருந்திருக்கவேண்டும்; அந்த நோவு மலங்கழிப்பதோடு தொடர்புபடுதல், மலங்கழிக்கும் தடவைகள் மாறுதல், மலத்தின் தன்மை மாறுதல் ஆகிய மூன்றில் இரண்டாவது சேர்ந்திருக்கவேண்டும்; தொல்லை தொடங்கி ஆறு மாதங்களாவது ஆகியிருக்கவேண்டும். நோவே இல்லாமல் வெறும் பொருமலோ வெறும் மலச்சிக்கலோ மட்டும் இருந்தால் அது வேறு பெயரில் அழைக்கப்படும், சிகிச்சையும் சற்று வேறுபடும்.

கடுமையான வயிற்றோட்டம் அல்லது உணவு நஞ்சாதல் ஏற்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, கிருமி போன பின்னரும் இந்தத் தொல்லை தங்கிவிடுவதுண்டு. உங்களுக்கும் அப்படித்தான் தொடங்கியது என்றால் அதை வைத்தியரிடம் சொல்ல மறக்கவேண்டாம்.

2. இந்த அறிகுறிகள் இருந்தால் மற்றவற்றை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள்

மலத்தில் இரத்தம், முயற்சியில்லாமல் உடல் மெலிதல், இரத்தச்சோகை, தொடர்ந்த காய்ச்சல், நித்திரையிலிருந்து எழுப்பிவிடும் வயிற்றோட்டம், வயிற்றில் கட்டிபோல் தட்டுப்படுதல், ஐம்பது வயதை அண்டியோ அதற்குப் பிறகோ முதன்முதலாகத் தொடங்கிய மாற்றம், நெருங்கிய குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோயோ குடல் அழற்சி நோயோ இருந்த வரலாறு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இது ஐ.பி.எஸ். என்று நீங்களாக முடிவுகட்டக்கூடாது. "மூலம்தான், வேறென்ன" என்று வீட்டில் சொல்லிச் சமாளிக்கும் இரத்தமும் இதில் அடங்கும். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களுக்கு மலம் கறுப்பாகப் போகும், அது வேறு; மாத்திரை எடுக்காமலே தார்போலக் கறுத்துப் போனாலோ, வயிறு கல்லாக இறுகி வாந்தியும் சேர்ந்தாலோ, கிளினிக் திகதிக்காகக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

3. இரண்டு வாரம் குறிப்பெழுதுங்கள்

வைத்தியர் உங்களோடு செலவிடும் நேரம் குறைவு. அந்த நேரத்தில் "எப்போதும் வயிறு சரியில்லை, டொக்டர்" என்று சொன்னால் அவரும் எப்போதும் கொடுக்கும் மாத்திரையைத்தான் கொடுப்பார். ஒரு சாதாரணக் கொப்பியில் திகதி, சாப்பிட்டவை, சாப்பிட்ட நேரம், நோவின் அளவு பத்துக்கு எத்தனை, கழிவறைக்குப் போன தடவைகள், மலத்தின் வகை, அன்றைய நித்திரை, பெண்களுக்கு மாதவிடாய் நாள் ஆகியவற்றை இரண்டு வாரம் எழுதுங்கள். மலத்தின் வகையைக் குறிக்கப் பிரிஸ்டல் அளவுகோல் என்ற ஏழு படிகள் கொண்ட முறை இருக்கிறது: ஒன்று என்பது ஆட்டுப் புழுக்கைபோல் இறுகியது, நான்கு வழுவழுப்பாக வாழைப்பழ வடிவில் வருவது, ஏழு முழுவதும் தண்ணீர். இலக்கத்தை எழுதினால் போதும், விவரணை வேண்டாம். மலச்சிக்கல் மிகுந்த வகையா, வயிற்றோட்டம் மிகுந்த வகையா, கலப்பு வகையா என்பதை இந்த இலக்கங்களை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். மருந்து அந்த வகையைப் பொறுத்தே மாறும்.

இந்த இரண்டு வாரத்திலும் உணவை மாற்றவேண்டாம். குறிப்பாகப் பாணையும் கோதுமையையும் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போகாதீர்கள். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை, அதற்கு முந்திய ஆறு வாரங்களாவது தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளையில் கோதுமை உண்டிருந்தால்தான் சரியாக வேலை செய்யும்; நிறுத்தியவருக்கு நோய் இருந்தாலும் இல்லை என்று வரக்கூடும்.

4. கையில் இருக்கவேண்டிய ஆவணங்கள்

தேசிய அடையாள அட்டை, பழைய இரத்த மற்றும் மலப் பரிசோதனை அறிக்கைகள், ஸ்கான் அறிக்கை, கிளினிக் கொப்பி இருந்தால் அது, இப்போது எடுக்கும் எல்லா மருந்துகளின் பெயரும் அளவும். மருந்துப் பட்டியலில் ஆயுர்வேத, சித்த மருந்துகளையும் மூட்டுநோவுக்கு எடுக்கும் டைக்குளோபினாக், இபுபுரோபன் போன்றவற்றையும் சேர்த்து எழுதுங்கள். இந்த நோவு மாத்திரைகள் ஆறாம் பகுதியில் வரும் ஒரு பரிசோதனையின் முடிவைக் குழப்பும்.

வேலைத்தலத்தில் காப்புறுதி இருந்தால், அரச ஊழியர்களின் அக்ரஹார உட்பட, வைத்தியரிடம் போவதற்கு முன்னரே நிபந்தனைகளைக் கேட்டறியுங்கள். வெளிநோயாளர் செலவுக்கும் விடுதியில் அனுமதிக்கப்பட்டுப் பெறும் சிகிச்சைக்கும் பொதுவாக வேறுவேறு வரம்புகள் உண்டு. மூலப் பற்றுச்சீட்டும் மருந்துச்சீட்டின் பிரதியும் இல்லாமல் கோரிக்கை பெரும்பாலும் திரும்பி வரும். பாமசியில் மருந்துச்சீட்டைக் கொடுப்பதற்கு முன் கைத்தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள்.

5. எங்கே போவது, எவ்வளவு ஆகும்

செலவே இல்லாத வழி அரச வைத்தியசாலை. கொழும்பு தேசிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கும், வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசைப் பக்கம் இருப்பவர்களுக்குக் களுபோவில போதனா வைத்தியசாலைக்கும் போகலாம். காலையில் நேரத்தோடு போய் இலக்கம் எடுக்கவேண்டும், அன்று அரைநாள் விடுமுறை போடவேண்டியிருக்கும். அங்கிருக்கும் வைத்தியர் தேவை என்று கருதினால் உரிய கிளினிக்குக்கு அனுப்புவார். ஆலோசனையும் அங்கு செய்யப்படும் பரிசோதனைகளும் இலவசம். கையிருப்பில் இல்லாத மருந்தையும் அங்கு செய்யாத பரிசோதனையையும் வெளியே பணம் கொடுத்துப் பெறவேண்டும். மருந்தென்றால் முதலில் அரச மருந்தகமான ஒசுசலவில் விலை கேட்டுப்பாருங்கள்.

தனியார் வழியில் குடல் நோய் நிபுணரைச் சனல் பண்ணலாம். அரச சேவையில் இருக்கும் நிபுணர்களில் பலர் மாலை நேரங்களிலும் வார இறுதியிலும் தனியார் வைத்தியசாலைகளில் பார்ப்பார்கள். நீங்கள் கொடுக்கும் தொகையில் வைத்தியரின் கட்டணம், வைத்தியசாலையின் கட்டணம், இணையம் அல்லது தொலைபேசி மூலம் பதிந்தால் அதற்கான சேவைக்கட்டணம் என்று மூன்று பகுதிகள் இருக்கும். ஒரே வைத்தியருக்கு இரண்டு வைத்தியசாலைகளில் மொத்தத் தொகை வேறுபடக்கூடும் என்பதால் பதியுமுன் இரண்டையும் ஒப்பிடுங்கள். அறிக்கை காட்டுவதற்காக மறுபடி வரும்போது முழுக் கட்டணமா, குறைவா என்பதையும் அப்போதே கேளுங்கள். தமிழில் பேசுவாரா என்றும் பதியும்போதே கேட்கலாம்; மலங்கழிப்பது பற்றி அரைகுறையாகத் தெரிந்த மொழியில் விளக்குவது எவருக்கும் சிரமம்.

என்னைக் கேட்டால், அபாய அறிகுறி இல்லாதவர் நேராக நிபுணரிடம் போகத் தேவையில்லை. உங்கள் குடும்ப வைத்தியர் குறிப்புக் கொப்பியைப் பொறுமையாகப் பார்ப்பவராக இருந்தால் ஒன்பதாம் பகுதி வரையிலான பெரும்பாலானவற்றை அவரே செய்துவிடுவார்.

6. எந்தப் பரிசோதனைகள் போதும்

முழு இரத்தக் கணக்கீடு, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை, வைத்தியர் விரும்பினால் தைரொயிட், ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்க்கும் மலப்பரிசோதனை. வயிற்றோட்டம் மிகுந்தவர்களுக்கு மலத்தில் கல்புரொட்டெக்டின் என்ற புரதத்தையும் அளப்பார்கள். அது ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தால் குடலில் அழற்சி இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இந்தப் பட்டியலில் இரத்தக் கணக்கீடும் சி.ஆர்.பி.யும் விலை குறைந்தவை, கல்புரொட்டெக்டின் விலை கூடியது. ஆனாலும் கொலனொஸ்கொபி என்ற குடல் உள்நோக்கியைவிடப் பலமடங்கு மலிவு. நான்காம் பகுதியில் சொன்ன நோவு மாத்திரைகள் கல்புரொட்டெக்டினின் அளவை உயர்த்திக் காட்டும். அவற்றை எடுப்பவரானால் எத்தனை நாள் முன்னர் நிறுத்தவேண்டும் என்று வைத்தியரிடம் கேட்டுக்கொண்ட பின் மாதிரி கொடுங்கள்.

மல மாதிரிக்கான போத்தலை முதல்நாளே ஆய்வுகூடத்தில் வாங்கி வையுங்கள். ஒட்டுண்ணிப் பரிசோதனைக்கு மாதிரி புதிதாக இருக்கவேண்டும், காலையில் எடுத்து அப்போதே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். மாலையில் கொடுத்தால் ஏற்பார்களா என்பதைக் கேட்காமல் போகாதீர்கள்.

இங்கே மூன்று பொறிகள் உள்ளன. முதலாவது, வயது குறைந்த, அபாய அறிகுறி எதுவும் இல்லாத ஒருவர் மன நிம்மதிக்காகக் கொலனொஸ்கொபி செய்துகொள்வது. அதற்கு முதல்நாள் குடலைக் கழுவும் மருந்து குடிக்கவேண்டும், மயக்கமருந்து ஏற்றினால் கூட்டிப்போக ஒருவர் வேண்டும், தனியாரில் செலவும் பெரிது. முடிவு இயல்பாக வந்தாலும் நோவு அப்படியேதான் இருக்கும். வைத்தியர் காரணம் சொல்லிக் கேட்டால் செய்யுங்கள், நீங்களாகக் கேட்கவேண்டாம். இரண்டாவது, இரத்தத்தில் எதிர்ப்பொருள் அளந்து ஒத்துக்கொள்ளாத உணவுகளின் நீண்ட பட்டியலைத் தரும் ஐ.ஜி.ஜி. பரிசோதனை. எனக்கும் ஓரிடத்தில் இதைப் பரிந்துரைத்தார்கள். அந்த எதிர்ப்பொருள் நீங்கள் அந்த உணவை உண்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும், ஒத்துக்கொள்ளாமையைக் காட்டாது. ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் இதை ஏற்பதில்லை. மூன்றாவது, ஒவ்வொரு தடவை வயிறு குழம்பும்போதும் "அமீபாவாக இருக்கும்" என்று சொல்லி மெட்ரோனிடசோல் வாங்கிப் போடுவது. மலப்பரிசோதனையில் எதுவும் இல்லாதபோது திரும்பத்திரும்ப நுண்ணுயிர்க்கொல்லி எடுப்பது குடலை மேலும் குழப்பும்.

7. முதல் நான்கு வாரம்: எளிய மாற்றங்கள் மட்டும்

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். காலையில் ஒரு பிளேன்டீயோடு ஓடிவிட்டு இரண்டு மணிக்குப் பெரிய சோற்றுப் பொதியை அவசரமாக விழுங்குவதே கொழும்பு அலுவலகக்காரரின் வழக்கம். குடலுக்கு இதைவிடக் கெட்ட ஒழுங்கு குறைவு. தேநீரும் கோப்பியும் சேர்த்து நாளுக்கு மூன்று கோப்பைக்கு மேல் வேண்டாம். எண்ணெயில் பொரித்தவற்றையும் கட்டைச்சம்பலின் உறைப்பையும் குறையுங்கள். பழத்தை ஒரே தடவையில் நிறைய உண்ணாமல் நாளுக்கு மூன்று சிறு பங்குகளாகப் பிரியுங்கள். நோன்போ விரதமோ பிடிப்பவர்கள் முடிக்கும் வேளையில் பலகாரங்களையும் பெரிய சாப்பாட்டையும் ஒன்றாக ஏற்றாமல், சிறிது உண்டு ஒரு மணி நேரம் கழித்து மிகுதியை உண்டால் நோவு குறையக்கூடும்.

நார்ச்சத்து என்றவுடன் தவிட்டுப் பாணுக்கும் கோதுமைத் தவிட்டுக்கும் போகாதீர்கள், அவை பலருக்குப் பொருமலையும் நோவையும் கூட்டும். உதவுவது கரையும் நார்: பாமசியில் கிடைக்கும் இசப்கோல். ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, வாரத்துக்குச் சிறிதளவாகக் கூட்டி, ஒரு குவளை நிறையத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்கவேண்டும். உலர்ந்ததாக வாயில் போட்டு விழுங்கினால் தொண்டையில் அடைக்கும். தைரொயிட் மாத்திரை போன்றவற்றுக்கும் இதற்கும் இடையில் சில மணி நேரம் விடுங்கள். மலச்சிக்கலுக்கு மட்டுமல்ல, கலப்பு வகைக்கும் இது பொருந்தும். முதல் வாரத்தில் சிறிது வாயு கூடும், அதற்காக நிறுத்தவேண்டாம்.

இந்த நான்கு வாரத்தில் பாதிப்பேருக்கு மேல் தேறுவார்கள் என்றெல்லாம் நான் வாக்குத்தர மாட்டேன். ஆனால் செலவு மிகக் குறைந்த படி இதுதான், இதைத் தாண்டி அடுத்ததற்குக் குதிப்பதில் பொருளில்லை.

8. அது போதாவிட்டால்: ஃபொட்மாப் உணவுமுறை

குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் நொதித்து வாயுவாகும் சிலவகைச் சர்க்கரைகளைத் தற்காலிகமாகக் குறைக்கும் முறை இது. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழகம் இதை உருவாக்கியது. உணவுகளின் அளவுகளைக் காட்டும் அதன் கட்டணச் செயலியைக் கைத்தொலைபேசியில் வாங்கலாம். நம் சமையலுக்கு இந்த முறையைப் பொருத்துவதுதான் கடினம், ஏனென்றால் தடையில் முதலிடம் வெங்காயத்துக்கும் உள்ளிக்கும்.

குறைக்கவேண்டியவை: வெங்காயம், உள்ளி, பாண், ரோல்ஸ், பட்டிஸ், கொத்துரொட்டி போன்ற கோதுமைப் பண்டங்கள், கொண்டைக்கடலை, கௌப்பி, சோயா மீட், கஜு, பசும்பால், பால்மாத் தேநீர், மாம்பழம், வத்தகப்பழம். உண்ணக்கூடியவை: எல்லா வகைச் சோறும், மீன், முட்டை, கோழி, உருளைக்கிழங்கு, கரட், கத்தரிக்காய், அளவான போஞ்சி, கச்சான், பப்பாசிப்பழம், அன்னாசி, இஞ்சி, மஞ்சள், மிளகு, கறிவேப்பிலை. மைசூர்ப்பருப்பை அவித்துச் சிறிதளவு, கால் கோப்பைக்கு மிகாமல், பெரும்பாலோர் தாங்குவார்கள். தேங்காய்ப்பாலிலும் அளவுதான் முக்கியம்; சொதியைச் சோற்றில் குழைத்து உண்ணலாம், கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கவேண்டாம்.

இடியப்பத்திலும் பிட்டிலும் கவனம் வேண்டும். கடையில் வாங்கும் வெள்ளை இடியப்பம் பெரும்பாலும் கோதுமை மாவில் செய்யப்படுவது, பிட்டிலும் கோதுமை மாக் கலப்பது நம் வீடுகளில் வழக்கம். அரிசிமா மட்டும்தானா என்று கேட்டு வாங்குங்கள் அல்லது வீட்டில் அவியுங்கள். வெங்காயத்தின் வாசனைக்கு லீக்ஸின் பச்சை இலைப்பகுதி உதவும். உள்ளியின் வாசனைக்கு, முழுப்பல்லை எண்ணெயில் வதக்கிப் பல்லை எடுத்தெறிந்துவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். தொல்லை தரும் சர்க்கரை தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. இதே காரணத்தால், குழம்பில் கொதித்த வெங்காயத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வதால் பயனில்லை. பெருங்காயமும் நல்ல மாற்று, பொடியில் கோதுமை மாச் சேர்ந்திருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள்.

தடைக்கட்டம் நான்கிலிருந்து ஆறு வாரம் மட்டுமே. அந்தக் காலத்தில் மாற்றமே தெரியாவிட்டால் இந்த முறை உங்களுக்குப் பொருந்தவில்லை என்று விட்டுவிடுங்கள். மாற்றம் தெரிந்தால் ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்க்கவேண்டும்: மூன்று நாட்கள் ஒரே பொருளை அளவு கூட்டி உண்டு பார்ப்பது, பிறகு சில நாட்கள் இடைவெளி, பிறகு அடுத்தது. பால் ஒரு வகை, பாண் ஒரு வகை, பருப்பு ஒரு வகை, மாம்பழம் ஒரு வகை. வெங்காயத்தையும் உள்ளியையும் தனித்தனியாகச் சோதியுங்கள். இந்த இரண்டாம் கட்டத்தைச் செய்யாமல் நிரந்தரமாகத் தடையிலேயே இருந்துவிடுவதே பலர் விழும் குழி. உணவு ஒடுங்கும், கல்சியமும் நாரும் குறையும், குடலின் நல்ல நுண்ணுயிர்களும் மாறும். உடல் மெலிந்தவர்கள், கர்ப்பிணிகள், சிறுவர்கள் ஊட்டச்சத்து ஆலோசகரின் உதவியில்லாமல் இதில் இறங்கக்கூடாது.

9. மருந்துகள்: எதை எவ்வளவு காலம் பார்ப்பது

நோவுக்கும் பிடிப்புக்கும் பொதுவாக எழுதித்தரப்படுவது மெபெவரின். 135 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் முன்னர் எடுக்கவேண்டும். சாப்பிட்ட பின் எடுத்துவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள் அதிகம். மிளகுக்கீரை (பெப்பர்மின்ட்) எண்ணெய்க் கூட்டுக்குளிசையும் உதவும், நெஞ்செரிவு இருந்தால் அதைத் தவிருங்கள். வயிற்றோட்டத்துக்கு லோபெரமைட்; காய்ச்சலோ இரத்தமோ இருக்கும்போது அதைத் தொடவேண்டாம். மலச்சிக்கலுக்கு லக்டுலோசைவிட மக்ரொகோல் நல்லது, முன்னையது பொருமலைக் கூட்டும்.

இவை போதாதபோது வைத்தியர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் இரவில் எழுதக்கூடும். மருந்தின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு "எனக்கு மனநோய் என்று நினைக்கிறார்" என்று பலர் அதை வாங்குவதேயில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் அளவு இதைவிடப் பலமடங்கு; இந்தச் சிறிய அளவு குடல் நரம்புகளின் கூருணர்வைத் தணிப்பதற்கானது. பிரித்தானியாவில் குடும்ப வைத்தியர்களிடம் வந்த நோயாளிகளில் செய்யப்பட்ட ஆய்வொன்று, இது போலி மாத்திரையைவிடத் தெளிவாகப் பயனளித்ததாக 2023இல் காட்டியது. வாய் வறட்சியும் காலைத் தூக்கமும் வரும்; பயன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம், ஒரு வாரத்தில் நிறுத்திவிடாதீர்கள். மலச்சிக்கலைக் கூட்டும் என்பதால் வயிற்றோட்ட வகைக்கே இது அதிகம் பொருந்தும்.

ஒரே சமயத்தில் புதிய மருந்தும் புதிய உணவுமுறையும் தொடங்கவேண்டாம், எது உதவியது என்று உங்களுக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. கடும் பேதிக்குக் கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்யும் வைத்தியம் இந்த நோய்க்கு வேண்டவே வேண்டாம்.

10. வெளியே போகும் நாட்கள்

குடல் அசைவு எழுந்தவுடனும் முதல் சாப்பாட்டுக்குப் பின்னரும்தான் மிக வலுவாக இருக்கும். ஆகவே வெளிக்கிடும் நேரத்துக்கு ஒரு மணி நேரமாவது முன்னர் காலைச் சாப்பாட்டை முடியுங்கள். காலி வீதியில் 100, 101 பஸ்ஸில் நெரிசல் நேரத்தில் போகிறவர்கள், வழியில் இறங்கி நுழையக்கூடிய இடங்களை மனதில் வைத்திருந்தால் பாதிப் பதற்றம் அடங்கும்; பம்பலப்பிட்டி மெஜஸ்டிக் சிற்றி போன்ற வணிக வளாகங்கள் இதற்கு வசதி. யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போவதானால் இரவு பஸ்ஸைவிடப் புகையிரதத்தைத் தெரிவுசெய்யுங்கள், பெட்டியிலேயே கழிவறை இருக்கிறது.

11. மறுபடி வைத்தியரிடம் எப்போது

மருந்தோ உணவுமுறையோ தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் குறிப்புக் கொப்பியுடன் ஒரு தடவை. ஒரு வருடமாக மருந்துகள் எதுவும் சரிவரவில்லை என்றால், இந்த நோய்க்கென்றே அமைந்த உளவியல் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். நிலைமை சீராக இருக்கும்வரை அதே பரிசோதனைகளை ஆண்டுதோறும் திரும்பச் செய்யத் தேவையில்லை. இரண்டாம் பகுதியில் சொன்னவற்றில் ஏதாவது புதிதாகத் தோன்றினால் மட்டும், பழைய அறிக்கைகள் எல்லாம் இயல்பாக இருந்தாலும், முதலிலிருந்து தொடங்கவேண்டும். அப்போது பழைய அறிக்கைகளையும் கொண்டுபோங்கள். ஹீமோகுளோபின் முன்னர் எவ்வளவு இருந்தது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வைத்தியருக்கு அவை வேண்டும்.